எதிர் புளோக்குக்கு எவ்வளவு தூரம்?

சாலைகள் அகலமாகின்றன, ரயில் பாதைகள் நீள்கின்றன. நடந்து போகிறவரின் வழி மட்டும் ஏன் சுற்றிக்கொண்டு போகிறது? புக்கிட் பாத்தோக் புளோக்குகளுக்கு நடுவே கிடைத்த பதில்கள்.

பள்ளி நாள், காலை ஆறே முக்கால். புக்கிட் பாத்தோக் மேற்கில் தெருவிளக்குகள் இன்னும் அணையவில்லை. அவென்யூவின் ஓரத்தில் பாட்டி ஒருவர் நிற்கிறார். தோளில் பேரனின் பள்ளிப் பை, கையில் பேரன். பள்ளியின் வேலி நேர் எதிரே தெரிகிறது. உள்ளே பிள்ளைகள் வரிசையில் நிற்பதும் தெரிகிறது. ஆனால் நடுவில் இரு திசைக்கும் பல தடங்கள், அவற்றுக்கு நடுவே இடுப்பளவு கம்பித் தடுப்பு. சமிக்ஞை விளக்கு இடப்பக்கம் தள்ளி இருக்கிறது, மேம்பாலம் வலப்பக்கம் தள்ளி. பையன் கையை உதறுகிறான். "நில்லுய்யா, பச்சை விழட்டும்" என்று இழுத்துக்கொண்டு விளக்கை நோக்கி நடக்கிறார். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருக்கும் பள்ளிக்கு இருவரும் ஒரு சுற்றுச் சுற்றிப் போய்ச் சேர்கிறார்கள்.

அந்த அவென்யூ யாரையும் பிரிப்பதற்காகப் போடப்படவில்லை. புக்கிட் பாத்தோக்கை ஜூரோங்கோடும் நகர மையத்தோடும் இணைக்கவே போட்டார்கள். அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. தூரத்தை இணைக்கும் சாலை பக்கத்தைப் பிரிக்கிறது என்பதுதான் வளரும் நகரங்கள் எல்லாவற்றிலும் இன்றைக்கு உள்ள சிக்கல். சிங்கப்பூரில் அதைத் தெளிவாகப் பார்க்க வேண்டுமென்றால் புக்கிட் பாத்தோக்கைவிட நல்ல இடம் இல்லை.

தொழுவங்களுக்கு நடுவே பிறந்த சந்துகள்

முதலில், சந்துகள் பின்னிக் கிடக்கும் பழைய வட்டாரமான தேக்காவுக்குப் போய்வரலாம்.

ராஃபிள்ஸின் சொற்படி லெஃப்டினென்ட் ஃபிலிப் ஜாக்சன் 1822இல் வரைந்த நகரத் திட்டத்தில் தெருக்கள் கட்டம் கட்டமாக, செங்கோணத்தில் ஒன்றையொன்று வெட்டின. ஒவ்வொரு கடையும் முன்புறத்தில் கூரையிட்ட தாழ்வாரம் ஒன்றைப் பொதுவழியாக விட வேண்டும் என்பதும் அப்போது வந்த விதிதான். அதுதான் இன்றும் நாம் நடக்கும் ஐந்தடிப் பாதை. அந்தப் பாதையில் கடைக்காரர்கள் சரக்கை அடுக்க, நகராட்சி அதை அகற்ற முனைய, 1888இல் கலவரமே நடந்தது. நடக்கிறவனுக்கு வழி யார் தருவது என்ற வழக்கு இந்த ஊரில் அவ்வளவு பழசு.

தேக்கா இருக்கும் சிராங்கூன் சாலைப் பக்கம் அந்தக் கட்டத் திட்டம் எட்டவில்லை. அங்கே முதலில் இருந்தவை மாட்டுத் தொழுவங்களும் செங்கல் சூளைகளும். பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்ற பெயர்களில் எருமைகள் இன்னும் நிற்கின்றன. கால்நடை வணிகர் பெலிலியோஸின் பெயரில் ஒரு லேன் இருக்கிறது. நிலம் வைத்திருந்தவர்கள் மனை மனையாகப் பிரித்து விற்றபோது ஆளுக்கொரு சந்து விட்டார்கள். டன்லப் ஸ்ட்ரீட், கிளைவ் ஸ்ட்ரீட், அப்பர் டிக்சன் ரோடு, கஃப் ரோடு, வீராசாமி ரோடு எனச் சிறு சிறு சதுரங்கள் உருவாயின. பின்னாளில் சுகாதாரத்துக்காகப் பின்சந்துகளும் சேர்ந்தன. 1907இல் டாக்டர் சிம்ப்சன் அரசுக்குக் கொடுத்த அறிக்கை வற்புறுத்திய ஏற்பாடு அது.

இதன் பலன் காலுக்குத் தெரியும். தேக்கா சந்தையிலிருந்து முஸ்தபா சென்டருக்குப் போக எத்தனையோ வழி. ஞாயிற்றுக்கிழமை ஒரு சந்தில் கூட்டம் நெரிந்தால் அடுத்ததில் திரும்பிவிடலாம். காய்கறிக் கடைக்காரர், தையற்காரர், பூக்கட்டுகிறவர் எல்லாரும் யாரோ ஒருவர் போகும் வழியில்தான் இருக்கிறார்கள். 1961இல் ஜேன் ஜேக்கப்ஸ் அமெரிக்க நகரங்களைப் பற்றி எழுதியபோது, சிறிய சதுரங்களும் அடிக்கடி வரும் திருப்பங்களுமே ஒரு வட்டாரத்துக்கு உயிர் என்று வாதிட்டார். தேக்காவில் காய்கறி வாங்கும் யாருக்கும் அது புதுச் செய்தி அல்ல.

மரம்போல் கிளைத்த ஊர்

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960இல் தொடங்கியது. வீட்டு நெருக்கடி தலைக்கு மேல் இருந்த காலம். இருபது ஆண்டுகளில் தோ பாயோ, அங் மோ கியோ, பிடோக், கிளமெண்டி என்று புதுநகர்கள் எழுந்தன. 1980களில் புக்கிட் பாத்தோக்கின் முறை. கல்லுடைத்த குன்றுகளின் நாடு அது. இன்று மக்கள் படம் எடுத்துக்கொள்ளும் 'லிட்டில் குய்லின்' ஏரி ஒரு காலத்தில் கற்சுரங்கம். புக்கிட் பாத்தோக் இயற்கைப் பூங்காவும் அப்படித்தான், கைவிடப்பட்ட சுரங்கத்தின் மேல் 1988இல் அமைந்தது. 1990 மார்ச் 10 அன்று எம்ஆர்டி வந்தது.

இந்தப் புதுநகர்களின் சாலைகள் தேக்காவின் சந்துகளைப் போல் இல்லை. விரைவுச்சாலையிலிருந்து பெருஞ்சாலை, அதிலிருந்து அவென்யூ, அதிலிருந்து ஸ்ட்ரீட், ஸ்ட்ரீட்டிலிருந்து கார் நிறுத்துமிடம். அங்கே முடிந்தது. ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குத் தாவ முடியாது; தண்டுக்கு இறங்கி மறுபடி ஏற வேண்டும். கட்டடக் கலைஞர் கிறிஸ்டோஃபர் அலெக்சாண்டர் 1965இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பே நகரம் மரமல்ல என்பதுதான். இயல்பாக வளர்ந்த ஊர்களில் கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், திட்டமிட்ட நகரங்களில் பிரிந்தே நிற்கும் என்றார்.

திட்டமிட்டவர்கள் அறியாமல் செய்ததாக நினைக்க வேண்டாம். முட்டுச்சாலையில் வேற்று வண்டி நுழையாது, பிள்ளைகள் பயமின்றி விளையாடலாம் என்பது 1929இல் நியூ ஜெர்சியின் ராட்பர்னில் தொடங்கிய சிந்தனை. புக்கிட் பாத்தோக்கில் அது பலித்தது. புளோக்குகளுக்கு உள்ளே போய்ப் பாருங்கள், பெரிய ஊரின் நடுவில் இருக்கிறோம் என்ற எண்ணமே வராது.

உலகம் முழுக்கவும் போக்கு இதுதான். கிறிஸ்டோஃபர் பாரிங்டன்-லீ, ஆடம் மில்லர்ட்-பால் இருவரும் 2020இல் வெளியிட்ட ஆய்வு, 1975 முதல் உலக நகரங்களில் போடப்பட்ட தெருக்களை அலசியது. எத்தனை சந்திப்புகளில் நான்கு வழி, எத்தனையில் மூன்று, எத்தனை முட்டுத்தெரு, எவ்வளவு சுற்று என்று எண்ணிப் பார்த்தால், உலகின் பெரும்பகுதியில் புதிய தெருக்கள் பழையவற்றைவிடக் குறைவாகவே ஒன்றோடொன்று இணைகின்றன. அமெரிக்காவில் 1990களின் நடுவில் உச்சம் தொட்ட இந்தப் போக்கு அதன்பின் திரும்பத் தொடங்கியது. எனக்கு அந்த ஆய்வில் முக்கியமாகப் பட்டது வேறு: தெரு ஒருமுறை விழுந்துவிட்டால் எளிதில் மாறாது. கட்டடத்தை இடித்துக் கட்டலாம். தெருவின் கோடு தலைமுறைகளுக்கு நிற்கும்.

மதுரைக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று கோயிலைச் சுற்றிய சதுர வீதிகள் இன்றும் அதே கோட்டில் இருக்கின்றன. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தபோது, பிரித்து நின்ற இடமே வெளி வீதிகள் என்ற இணைப்பாக மாறியது. சுவரை எடுத்து ஊரை வளர்த்த கதை அது. இன்று சென்னை ஓஎம்ஆரில் சுற்றுச்சுவரும் வாயிற்காவலும் கொண்ட குடியிருப்புகள் வரிசையாக எழுகின்றன. அடுத்த வளாகத்து நண்பனைப் பார்க்கப் பிள்ளைகள் பெருஞ்சாலைக்கு வந்து போக வேண்டியிருக்கிறது.

[பெட்டி] முகவரியே வரைபடம்

புக்கிட் பாத்தோக்கில் யாரையும் விசாரிக்காமல் வீடு கண்டுபிடிக்கலாம். புளோக் எண்ணின் முதல் இலக்கம் எந்த அக்கம்பக்கம் என்று சொல்லும். ஸ்ட்ரீட் எண்ணின் முதல் இலக்கமும் அதையே சொல்லும். முன்னூறு வரிசை புளோக்குகள் ஸ்ட்ரீட் 31 முதல் 34 வரையிலான வட்டாரத்தில் இருக்கும். ஐந்நூறு வரிசை என்றால் ஸ்ட்ரீட் 51, 52 பக்கம். அஞ்சல் குறியீடு 65இல் தொடங்கும், புளோக் எண்ணில் முடியும். உணவு கொண்டுவரும் இளைஞர் கைப்பேசியைப் பார்க்காமலே பாதி வழி வந்துவிடுவது இதனால்தான். ஊர், அக்கம்பக்கம், தெரு, புளோக் என்று கிளைகிளையாக இறங்கும் அமைப்பு எண்ணிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

வரைபடத்தில் இல்லாத தெரு

சாலை வரைபடத்தை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டால் புக்கிட் பாத்தோக் தேறாது. ஆனால் அந்த வரைபடத்தில் ஊரின் முக்கியமான தெரு இல்லவே இல்லை.

அது புளோக்குகளின் கீழ்த்தளத்தில் ஓடுகிறது. 1960களில் தொடங்கி 1970களில் வழக்கமாகிவிட்ட ஏற்பாடு: கீழ்த்தளத்தில் வீடு கிடையாது, தூண்கள் மட்டும். கல்யாணம், துக்கம், சதுரங்கம், மலாய்க் குடும்பத்து விருந்து எல்லாம் அங்கே நடக்கும் என்று எல்லாரும் எழுதிவிட்டார்கள். அது நடைவழியும்கூட என்பதை அவ்வளவாக யாரும் எழுதவில்லை. எந்தப் பக்கத்திலிருந்தும் நுழையலாம், எந்தப் பக்கமும் வெளியேறலாம். மின்தூக்கியை விட்டு இறங்குகிறவர் தூண்களுக்கிடையே குறுக்காக நடந்து, கூரையிட்ட நடைபாதை வழியே அடுத்த புளோக்கின் அடியில் நுழைந்து, காப்பிக்கடையைக் கடந்து, மழை சொட்டாமல் பேருந்து நிறுத்தத்துக்குப் போய்விடுவார். கார்களுக்கு முட்டுச்சந்தான அதே கார் நிறுத்துமிடம் கால்களுக்குத் திறந்தவெளி. புல்தரையின் நடுவே மக்கள் நடந்து நடந்து விழுந்த ஒற்றையடித் தடத்தின் மேல் பிறகு சிமெண்ட் பாதை போட்டிருப்பதையும் பல இடங்களில் காணலாம். வழி எங்கே வேண்டும் என்று கால்கள் கேட்டன, யாரோ காதுகொடுத்திருக்கிறார்கள்.

வண்டிகளுக்குக் கிளை, கால்களுக்கு வலை. புதுநகர்கள் மூச்சுவிடுவது இந்த ஏற்பாட்டால்தான். சிங்கப்பூர் தன் வீடமைப்பைப் பற்றிப் பெருமை பேசும்போது மின்தூக்கியையும் உயரத்தையும் சொல்வதைவிட இதைச் சொல்ல வேண்டும் என்பேன்.

நிலப் போக்குவரத்து ஆணையம் 2013இல் அறிவித்து 2018க்குள் முடித்த திட்டத்தில் 200 கிலோமீட்டர் கூரையிட்ட நடைபாதை கட்டப்பட்டது. எம்ஆர்டியைச் சுற்றி 400 மீட்டர், பேருந்து முனையங்களையும் அதிகம் பேர் ஏறும் நிறுத்தங்களையும் சுற்றி 200 மீட்டர் என்று அளவு. நல்ல பணி. ஆனால் அளவுகோல் எப்போதும் நிலையத்திலிருந்தே தொடங்குகிறது. எதிர்ப் புளோக்கில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் போகும் எழுபது வயது தம்பி இந்தக் கணக்கில் வருவதில்லை.

கீழ்த்தள வலையிலும் இழைகள் அறுந்துகொண்டிருக்கின்றன. பாலர் பள்ளியும் மூத்தோர் நடுவமும் தேவையானவை. ஆனால் அவை கண்ணாடியும் வேலியுமாகக் கீழ்த்தளத்தில் அமரும்போது குறுக்குவழி ஒன்று மூடுகிறது. புதிதாக எழும் புளோக்குகளில் திறந்த கீழ்த்தளம் முன்னளவுக்கு இல்லை. பலமாடிக் கார் நிறுத்துமிடத்தைச் சுற்றிப் புளோக்குகள் நிற்கின்றன, கூரைத் தோட்டம் அழகாக இருக்கிறது, தரையில் குறுக்கே நடக்க வழி குறைவு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனித்தனிக் காரணம் உண்டு. மொத்தமாக என்ன இழக்கிறோம் என்று கூட்டிப் பார்ப்பதுதான் இல்லை.

அகலத்தின் விலை

வலை கிழியும் இடம் அவென்யூவின் விளிம்பு. அதுவரை நிழலில் வந்தவர் அங்கே வெயிலில் நிற்கிறார். 1964இல் காலியர் கீயில் முதல் நடைமேம்பாலம் திறந்ததிலிருந்து சாலையைக் கடக்கும் மனிதனை மேலே ஏற்றி இறக்குவது நமக்கு இயல்பாகிவிட்டது. சமதளத்தில் கார் போகிறது, முழங்கால் வலிக்காரர் படி ஏறுகிறார். இப்போது பல மேம்பாலங்களில் மின்தூக்கி பொருத்துகிறார்கள். வேண்டியதுதான். ஆனாலும் மின்தூக்கிக்குக் காத்து, ஏறி, கடந்து, மறுபடி காத்து, இறங்கி முடிப்பதற்குள் அவர் சமதளத்தில் இரண்டு முறை கடந்திருப்பார்.

2030இல் சிங்கப்பூரர்களில் நான்கில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார். புக்கிட் பாத்தோக்கில் 1980களில் இளம் தம்பதிகளாகக் குடியேறியவர்கள்தான் இன்று கைத்தடியோடு நடப்பவர்கள். மேடுபள்ளமான ஊர் வேறு, புளோக்குக்கும் புளோக்குக்கும் நடுவே படிகள் உண்டு. கைவண்டியை ஒவ்வொரு படியாக இழுத்து ஏறும் மூதாட்டிக்குப் பின்னால் நடந்து பாருங்கள். வரைபடம் 'அருகில்' என்று சொல்லும் சந்தை அவருக்கு வாரம் ஒரு முறை போகும் இடமாகச் சுருங்கியிருக்கும். மருத்துவர் நடக்கச் சொல்கிறார், பாதை உட்காரச் சொல்கிறது. முதலில் நிற்பது சந்தைப் பயணம், பிறகு கோயில், பிறகு பழைய அண்டைவீட்டாரைப் பார்ப்பது. தனிமை என்று நாம் சொல்லும் நோய்க்குச் சாலையின் அகலமும் ஒரு காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

கடைகளும் இதை உணரும். பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் அமைந்த மளிகைக்கடை தாக்குப்பிடிக்கிறது. சாலையின் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட கடைக்கு, இந்தப் பக்கத்து ஆயிரம் வீடுகள் இருந்தும் இல்லாத மாதிரி.

நகரின் நடுவிலும் இதே கதைதான். தேக்காவுக்கு எட்டும் தூரத்தில் வானவில் நிறங்களில் நின்ற ரோச்சோர் சென்டரின் நான்கு புளோக்குகள் வடக்கு–தெற்குப் பெருவழிக்காக இடிக்கப்பட்டன, குடும்பங்கள் காலாங்குக்கு மாறின. அந்த 21.5 கிலோமீட்டர் பாதை முதலில் வெறும் விரைவுச்சாலையாகவே அறிவிக்கப்பட்டது. பிறகு பேருந்துத் தடமும் மிதிவண்டிப் பாதையும் சேர்த்தார்கள். திட்டத்தை மாற்ற முடியும் என்பதற்கு அது ஒரு சான்று.

வேலி மட்டும் மிஞ்சிய ஹில்வியூ

புக்கிட் பாத்தோக்கின் கிழக்கு விளிம்பான ஹில்வியூவில் ஒரு காலத்தில் ஆலைகள் வரிசையாக இருந்தன. ஆலைக்கு மதில் வேண்டும், வாயிற்காவல் வேண்டும், உள்ளே வெளியார் நடக்கக் கூடாது. ஆலைகள் போயின, அதே நிலத்துண்டுகளில் கொண்டோமினியங்கள் வந்தன. மதிலின் கோடு பெரும்பாலும் அப்படியே நின்றுவிட்டது. தனியார் குடியிருப்புக்கு வேலி போடும் உரிமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பத்து வளாகங்கள் தோளோடு தோள் நின்றால் குறுக்கே பொதுவழி எதுவும் மிஞ்சாது. நிலத்தை விற்கும்போதே இரண்டு வளாகங்களுக்கு நடுவே ஒரு நடைச்சந்து ஒதுக்கியிருந்தால் போதும். டவுன்டவுன் பாதையின் ஹில்வியூ நிலையம் 2015 டிசம்பரிலும் ஹியூம் நிலையம் 2025 பிப்ரவரியிலும் திறந்தன. ரயில் பக்கத்தில் வந்தது, வேலியைச் சுற்றும் நடை குறையவில்லை.

அங்கேயே எதிர்மாறான பாடமும் கிடக்கிறது. அப்பர் புக்கிட் தீமா சாலையை ஒட்டி மலாயன் ரயில் ஓடிய தண்டவாளம் பல தலைமுறைகளாக இரு பக்கங்களைப் பிரித்த கோடு. 2011 ஜூன் 30இல் கடைசி வண்டி போனது. இன்று தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர் நடைவழி. தடுத்த கோடே சேர்க்கும் கோடாகிவிட்டது.

விலங்குகளுக்கும் இந்த வழக்கு உண்டு. 1980களில் புக்கிட் தீமா விரைவுச்சாலை காட்டை இரண்டாகப் பிளந்தது. 2013இல் அதன் மேல் மரமும் செடியும் நட்ட 62 மீட்டர் பாலம் கட்டினோம், எறும்புத்தின்னியும் புனுகுப்பூனையும் கடப்பதற்காக. பிரிப்பது எளிது. சேர்க்கக் கால் நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

[பெட்டி] சில எண்கள்

சிங்கப்பூர் நிலத்தில் சாலைகள் பிடித்திருப்பது 12 விழுக்காடு, வீடுகளுக்கு 14.
2018 பிப்ரவரி முதல் கார்களின் எண்ணிக்கை வளர்ச்சிக்கு அனுமதி: பூஜ்யம்.
2030க்குள் தீவு முழுக்க எட்டத் திட்டமிட்டுள்ள மிதிவண்டிப் பாதை: 1,300 கிலோமீட்டர்.
2040க்கான இலக்கு: வீட்டுக்கு அருகிலுள்ள அக்கம்பக்க மையத்துக்கு 20 நிமிடம், உச்ச நேரத்தில் வேலைக்கு 45 நிமிடம்.

தெங்காவின் வாசலில்

இப்போது இதைப் பேச வேண்டிய அவசரம் மேற்கிலிருந்து வருகிறது. புக்கிட் பாத்தோக் ரோட்டுக்கு அந்தப் பக்கம் தெங்கா எழுகிறது. 2016இல் அறிவித்த புதுநகர், 700 ஹெக்டேர், சுமார் 42,000 வீடுகள். நகர மையத்தில் கார்கள் தரைக்குக் கீழே போகும், மேலே நடப்பவர்களுக்கு மட்டும். இருபுறக் காடுகளையும் இணைக்க 100 மீட்டர் அகலத்தில் வனப்பாதையும் உண்டு. கால்களை நினைத்து வரைந்த ஊர் என்பதில் சந்தேகமில்லை. 24 கிலோமீட்டரில் 24 நிலையங்கள் கொண்ட ஜூரோங் வட்டார ரயில் பாதையும் வருகிறது. புக்கிட் பாத்தோக்கின் மேற்கு ஓரத்துக்கும் ஒரு நிலையம் கிடைக்கும்.

என் கவலை இரண்டு ஊர்களுக்கும் நடுவில் இருக்கிறது. ஒவ்வொரு ஊரும் உள்ளுக்குள் அருமையாக நடக்கும்; விளிம்பில் பெருஞ்சாலை. புக்கிட் பாத்தோக்குக்குத் தெற்கே தீவு விரைவுச்சாலை, கிழக்கே அப்பர் புக்கிட் தீமா சாலை, மேற்கே அகலமாகிவரும் புக்கிட் பாத்தோக் ரோடு. ஜூரோங் ஈஸ்ட் ரயிலில் அடுத்த நிறுத்தம்தான், நடந்து போவதை யாரும் யோசிப்பதில்லை. தெங்காவும் அப்படி ஆகிவிடக் கூடாது. தெங்காப் பிள்ளைகள் புக்கிட் பாத்தோக் கடைகளுக்கும், புக்கிட் பாத்தோக் மூத்தோர் தெங்காப் பூங்காவுக்கும் பேருந்து இல்லாமல் போய்வர முடிய வேண்டும். அதற்குச் சமதளக் கடவைகள் அடுத்தடுத்து வேண்டும். எங்கோ ஒரு மேம்பாலம் போதாது.

நம்பிக்கைக்கு இடமிருக்கிறது. நிலப் போக்குவரத்து ஆணையம் 2023இல் அறிவித்த 'ஃபிரண்ட்லி ஸ்ட்ரீட்ஸ்' திட்டத்துக்கு முதலில் எடுத்துக்கொண்ட ஐந்து இடங்களில் புக்கிட் பாத்தோக் மேற்கும் ஒன்று. மற்றவை அங் மோ கியோ, தெம்பனிஸ், தோ பாயோ, வெஸ்ட் கோஸ்ட். பச்சை விளக்கின் நேரத்தை நீட்டுவது, நடைபாதையை அகலமாக்குவது, கடவையை நடைபாதையின் உயரத்துக்கு உயர்த்தி வண்டிகளை மெதுவாக்குவது, படியில்லாமல் கடக்கச் செய்வது. கேட்கச் சின்ன வேலைகள். முதியவர் ஒருவருக்குச் சந்தையைத் திரும்பத் தருவது இந்தச் சின்ன வேலைதான். 2030க்குள் ஒவ்வொரு நகரிலும் ஒரு திட்டமாவது வரும் என்று ஆணையம் சொல்லியிருக்கிறது.

ஒவ்வொரு நகரிலும் குடியிருப்பாளர்களின் கருத்தைக் கேட்பார்கள். அப்போது ரயில் நிலையத்துக்கு எத்தனை நிமிடம் என்பதை மட்டும் பேசாமல் வேறு சிலவற்றையும் சொல்லிவைக்க வேண்டும். எந்தக் கார் நிறுத்துமிட வாசலில் நடைபாதை அறுகிறது, எந்தத் தடுப்புக் கம்பிக்கு நடுவே ஒரு கடவை வேண்டும், எந்தக் கீழ்த்தளக் குறுக்குவழியை அடைத்துவிடக் கூடாது, எந்தப் படிக்குப் பக்கத்தில் சாய்தளம் இல்லை. புளோக் எண்ணோடு எழுதிக் கொடுங்கள். முடிந்தால் வீட்டு மூத்தவரை முன்னால் விட்டுப் பின்னால் நடந்து, அவர் நின்ற இடங்களைக் குறித்து எழுதுங்கள்.